தாளில் ஏறாத விலாசம்

"கம்மலையும் கழட்டிடும்மா" என்றார் பெரியவர்.

அவள் கழற்றி, அறைக்கு வெளியே சுவரில் அடித்திருந்த மரப்பெட்டியில் தன் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கைக்கடிகாரமும் பேனாவும் கார்ச் சாவியும் ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. பெரியவர் தன் போனைத்தான் முதலில் வைத்தார். பிரிவுக்கே தலைவர்தான், ஆனாலும் ஊருக்கொரு சட்டம் தனக்கொரு சட்டம் என்று நடக்கிற ஆள் இல்லை.

உளவுத்துறையின் அந்தப் பிரிவில் சில மாதங்களாக இதுதான் வாசல் மரியாதை. எதிராளிகள் யாருடைய போனுக்குள் குடியேறி ஒட்டுக் கேட்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே போன் வெளியே, பேச்சு உள்ளே.

உள்ளே ஒரு மேசை, இரண்டு நாற்காலி. கம்ப்யூட்டர் போய்விட்டது, தாள் போய்விட்டது, சுவர்க் கடிகாரத்துக்கும் வேலை போய்விட்டது. சுவர்ப் பூச்சைக்கூடச் சுரண்டிப் பார்த்துவிட்டு, அறை சுத்தம் என்று நிபுணர்கள் சான்று கொடுத்தார்கள். அறை சுத்தமென்றால் அழுக்கு ஆளிடம்தான் என்று முடிவாயிற்று.

ஏனென்றால் இதே அறையில் யாரைப் பற்றிப் பேசினார்களோ, அந்தத் துப்புக் கொடுத்தவர்கள் இரண்டு பேர் அடுத்தடுத்துப் பிணமாகக் கிடைத்தார்கள். பழி 'கண்ணாடி' மேல் விழுந்தது. அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரன், சோடாப் புட்டிக் கண்ணாடியால் வந்த பெயர். இரண்டு கூட்டத்திலும் இருந்தான், இரண்டு போன் வைத்திருந்தான், போதாததற்கு இளவயசு. வேறென்ன சாட்சி வேண்டும்? அவனை அனுப்பியதோடு நிற்காமல், தனியார் கம்பெனிச் சம்பளத்தை உதறிவிட்டு வந்த இளவட்டங்கள் அத்தனை பேரையும் மூட்டை கட்டச் சொன்னார்கள். போன வாரம் மருந்துக்கடை வாசலில் கண்ணாடி எதிர்ப்பட்டபோது அவள் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அவனும் கூப்பிடவில்லை.

மிஞ்சியவர்கள் வாயைத் திறக்கவே பயந்தார்கள். போன வருஷம் வரை எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்த பெரியவர், இப்போது வராந்தாக் கோடியில் யாராவது முணுமுணுத்தால் இங்கிருந்தே பதில் சொன்னார். ரகசியக் கசிவு வந்து மனுஷனுக்குக் காதைத் தீட்டிவிட்டது என்று கேன்டீனில் சிரித்துக்கொண்டார்கள். சலூனுக்குப் போகக்கூட நேரமில்லை போலும், நரைமுடி காதை மூடித் தொங்கியது.

துப்புக் கொடுத்தவர்களில் இப்போது உயிரோடு மிச்சம் ஓட்டுநர் ஒருவர்தான். ஆயுதம் கடத்தும் கும்பலின் தலைவனுக்குக் கார் ஓட்டியவர், பின்சீட்டில் காதில் விழுந்ததையெல்லாம் அவளிடம் கொட்டியவர். அவரையும் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அவள் ஓரிடத்தில் ஒளித்து வைத்திருந்தாள். விலாசம் அவள் தலைக்குள் மட்டும்தான். பாலும் ரொட்டியும் மாத்திரையும் தானே வாங்கிக்கொண்டு, தானே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

நாளைக்கு அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். இதற்குமேல் தள்ளிப்போட்டால் தன்னிடம் வராதே என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

சேதி தெரிந்ததிலிருந்து பெரியவர் விலாசத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பிடிகொடுக்கவில்லை. தெருப் பெயரை மட்டும் சொன்னால் போதுமா என்று இறங்கி வந்து பார்த்தாள். கூவிக்கொண்டே போக நான் என்ன காய்கறி வண்டியா என்றார் அவர்.

"உங்கள நம்பறேன் சார். இந்தக் கட்டடத்தைத்தான் நம்பல."

"நானும் நம்பலம்மா. அதனாலதான் தாளே வேணாங்கிறேன். நீ ஆஸ்பத்திரியில மயங்கிக் கிடக்கிறப்ப அந்தப் பிள்ளைங்க பசியோட இருந்தா, நான் எந்தக் கதவைப் போய்த் தட்டுறது?"

அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து அவர் காதருகில் குனிந்தாள். பழைய சலவைக்கடை, அதன் பின்பக்கப் படிக்கட்டு, மாடியில் நீலக் கதவு, எப்படித் தட்டினால் திறப்பார்கள் என்பது வரை, மூச்சுக்காற்றுக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு குரலில் சொல்லி முடித்தாள். பெரியவர் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்து மனப்பாடம் செய்துகொண்டார்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது, தலைச்சுமையை இறக்கி வைத்தது போல அவளுக்குக் கழுத்து லேசானது. வெகுநாளைக்குப் பிறகு பசிக்கிற மாதிரிகூட இருந்தது.

"கேட்டுச்சா சார்? ரொம்ப மெதுவா சொல்லிட்டேன்."

பெரியவர் புது மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார். காதை மூடியிருந்த முடியை ஒதுக்கி, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவியைத் தொட்டுக் காட்டினார். "மணி அடிச்ச மாதிரி கேட்டுச்சு. மக போன வருஷம் வாங்கிக் கொடுத்தா. வெளியே சொல்லிடாதம்மா, செவிடன்னு தெரிஞ்சா என்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவானுங்க."

அவள் பார்வை கதவுக்குப் போனது. கதவுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மரப்பெட்டி.

"இதுல சத்தத்தை... எப்படி சார் கூட்டுவீங்க?"

"போன்லதான். வெளியே வெச்சுட்டு வந்தாலும் கவலையில்லம்மா, இது பாட்டுக்கு அதோட பேசிக்கிட்டே இருக்கும்."