அந்துருண்டைப் பொட்டலம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்த எதிர்வீட்டு நாய் சாட்சி.

“மாப்பிள்ளை, குளிர் வந்தாச்சே! மெல்லிசுத் துணியெல்லாம் மடிச்சு உள்ள வெச்சாச்சா? நான் பின்னின ஸ்வெட்டரை வெளியே எடுத்தாச்சா?”

தொலைபேசியில் மாமியார் கேட்டபோது, டிராயிங் மாஸ்டரின் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. கோடை ஆரம்பத்தில் கம்பளிப் பெட்டிக்குள் அவர் போட்டிருக்க வேண்டிய அந்துருண்டைப் பொட்டலம். பழைய பையைத் துழாவியபோது, பிரிக்காமல் அப்படியே கிடைத்தது.

அந்துருண்டை இல்லாத பெட்டியில் கம்பளி கிடந்தால் பூச்சிகளுக்கு விருந்து. இந்நேரம் பொத்தான்கள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அந்த ஸ்வெட்டரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்சல் வந்து சேர்ந்தபோது போன குளிர்காலம் முடிந்துவிட்டது. “துவைச்சுப் பெட்டியில வெச்சிடறேன், அடுத்த குளிருக்குப் போட்டுக்குங்க” என்று மனைவி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஆனால் மாமியார் கண் எரிய எரிய உட்கார்ந்து பின்னியது அது. மூத்த மாப்பிள்ளை அவர் பின்னிய மஃப்ளரை பஸ்ஸில் தொலைத்த நாளிலிருந்து, மாமியார் அவரோடு சுவரைப் பார்த்துத்தான் பேசுகிறார்.

“குளிரா? இங்க ஏது அத்தை குளிரு? வெயில் மண்டையைப் பிளக்குது!” என்றார் மாஸ்டர். சொல்லும்போதே வாயிலிருந்து புகை வந்தது.

மனைவி காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று பயந்தார். அவளோ சமையலறையிலிருந்து கத்தினாள்: “ஆமாம்மா! ஒரே புழுக்கம்! ஃபேனை நிறுத்தறதே இல்ல!”

கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதை அவள் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

“அப்படியா? ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பார்க்கறேன்” என்று மாமியார் போனை வைத்தார்.

சொன்ன பிறகு கோடையை நடத்தித்தானே ஆகவேண்டும்? வீட்டில் ஃபேன் சுற்றியது. டீ, அடுப்பிலிருந்து மேசைக்கு வருவதற்குள் கட்டியாகிவிட்டதால், கரண்டியால் உடைத்துச் சாப்பிட்டார்கள். “பெட்டியை இறக்கணுமாங்க?” என்று அவள் கேட்பாள். “இந்த வெக்கையிலயா?” என்பார் அவர். “அதானே!” என்று அவள் உடனே போய்விடுவாள். மாஸ்டர் அரைக்கைச் சட்டையில் பள்ளிக்கூடம் போய், நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத் தர்பூசணி வரையக் கற்றுக்கொடுத்தார்.

தெருவில் எதிர்வீட்டுக்காரர் நாயோடு வந்தார்.

“என்ன மாஸ்டர், உடம்பு இப்படி உதறுது?”

“வெயில்ல அலைஞ்சுட்டேன் சார். சூடு பிடிச்சிருச்சு.”

நாய் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. கச்சிதமான நீல ஸ்வெட்டர் போட்டிருந்தது. நாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று மாஸ்டர் பெருமூச்சு விட்டார். அந்த மூச்சும் உறைந்து காலடியில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்து இறங்கினார். மெல்லிய பருத்திப் புடவை, கையில் விசிறி. உதடு ஊதா நிறம்.

“உங்க பேச்சை நம்பி ஒரு சால்வைகூட எடுக்கலை மாப்பிள்ளை. ந... ந... நல்ல வெயில்தான்.”

ஏமாந்ததை ஒத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. நேராக ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்தார்.

“ஐஸ் தண்ணி தரட்டுமா அத்தை?”

“கு... குடுங்க.”

மூவரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மேசை கடகடவென்று ஆடியது. யாருடைய முழங்கால் என்று சொல்ல முடியவில்லை. மாமியார் விசிறியை நிறுத்தவே இல்லை. வேண்டுமென்று வீசினாரா, கை தானாக நடுங்கியதா என்பது வேறு விஷயம்.

ஊதா மெல்ல மூக்குக்கு ஏறுவதைப் பார்த்ததும் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. எழுந்து ஃபேனை அணைத்தார். பொட்டலத்தை எடுத்து மாமியார் முன் வைத்தார்.

“அத்தை, என்னை மன்னிச்சிடுங்க. அந்துருண்டை போட மறந்துட்டேன். உங்க ஸ்வெட்டரைப் பூச்சி தின்னிருக்கும். இனிமே நீங்க சுவரைப் பார்த்தே பேசினாலும் சரி, முதல்ல ஒரு போர்வையைப் போர்த்திக்குங்க.”

மாமியார் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூச்சி தொடவே இல்லையே மாப்பிள்ளை. நூல் பிரியாம அப்படியே இருக்கே.”

“பெட்டியையே இன்னும் திறக்கலையே அத்தை?”

“பெட்டி எதுக்கு? அதோ, விளக்குக் கம்பத்துல காலைத் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க.”

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “கம்பளியை வெந்நீர்ல ஊற வெச்சா இப்படிச் சுருங்கும்னு யாருக்கும்மா தெரியும்? அதுக்குத்தான் சரியா இருந்துச்சு...”

அன்றிலிருந்து மாமியார் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். மகளிடம்தான் சுவரைப் பார்த்து.

சந்தேகம் இருப்பவர்கள் நேரில் போய் நாயையே விசாரித்துக்கொள்ளலாம். மாஸ்டர் வீட்டுக்கு எதிரே இருப்பது காலி மனை.