மூச்சு வாங்காத அழுகை

கோட்டைக்குள்ளிருந்து வேலு அழ ஆரம்பித்தான். ஏரியில் இறால் தடவிக்கொண்டிருந்த முனியனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"இருசம்மா, கேட்டியா? நம்ம புள்ள."

அவன் பெண்சாதி இருசம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள். இறால் போடும் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருந்தாள், பேச வழியில்லை. கோட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றைத் தடவினாள்.

பஞ்சத்தோடு பஞ்சமாக ஒல்லாந்தர் ஆட்கள் வேலுவை அடிமையாகக் கோட்டைக்குள் பிடித்துக்கொண்டு போனார்கள். கப்பல் வந்தால் அக்கரைச் சீமைக்கு ஏற்றிவிடுவார்கள், அப்புறம் அவ்வளவுதான். முனியன் பாவி, சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்துவிட்டான்.

ஒரு சாயங்காலம் அந்த அழுகையைக் காட்டி அவனை எழுப்பியவள் இருசம்மாள்தான். "நம்ம வேலுதான்யா. இன்னும் ஏத்தலை. எழுந்து கஞ்சி குடி."

"மூச்சே வாங்காம அழுவுறானே?"

"ஏரிப் புள்ளயாச்சே. மூச்சடக்கத் தெரியாதா இன்னா?"

அதை நம்பித்தான் இத்தனை நாளும் அவன் கஞ்சி குடித்தான்.

இன்றைக்குக் கோட்டைக்குத் தண்ணீர் சுமக்கும் தசரதன் வந்து அவனைக் கரைக்குக் கூப்பிட்டான்.

"முனியா, மனசக் கல்லாக்கிக்கோ. அது வேலு இல்லப்பா. தொரைங்க நாலு பேரு பிடில் வாசிக்கிறானுங்க. புதுசா இன்னாவோ பாட்டு கட்டிக்கினு பழகறானுங்க. ராகமும் இல்ல, தாளமும் இல்ல, நாலும் நாலு பக்கம் இழுக்குது."

"அப்போ வேலு?"

"ராவோட ராவா ஏத்திட்டானுங்க. கப்பல் போயி எத்தினியோ நாளாச்சி."

முனியனுக்கு அழக்கூட வரவில்லை. தண்ணீரில் நின்ற இருசம்மாளைப் பார்த்தான்.

"அவகிட்ட சொல்லிடாதடா. உசுர விட்டுடுவா."

தசரதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அதற்குள் கோட்டையில் சத்தம் நின்றுபோயிருந்தது. அது முனியனுக்கு உறைக்கவில்லை. தண்ணீரில் இறங்கி அவள் பக்கத்தில் போனான்.

"புள்ள இன்னும் அழுதுகினே கீறான், கேக்குதா?"

இருசம்மாள் கயிற்றைப் பல்லிலிருந்து எடுத்தாள். சத்தமே இல்லாத கோட்டையை முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"தசரதன் ஒங்கிட்டயும் சொல்லிட்டானா?"