வாசலோடு திரும்பியவர்

"ஆன்ட்டி உள்ளேயே போகலை! ரோம் வரைக்கும் ஃப்ளைட் ஏறிப் போயிட்டு, வாசல்லயே நின்னுட்டு வந்துட்டாங்க!"

ஜெபினா போட்டு உடைத்ததும் ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

யூபிலி ஆண்டு 2000. தமிழ்ப் பூசைக்கு வரும் குடும்பங்கள் சேர்ந்து வத்திக்கான் போய்வந்த மறுவாரம். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கிருபாராணி ஆன்ட்டி வீட்டில் பிரியாணியும் போட்டோக்களுமாகக் கூடியிருந்தார்கள். "புனிதக் கதவைத் தாண்டினப்ப எப்படி இருந்துச்சு, கிருபா?" என்று யாரோ கேட்டதுதான் வினை.

"கால் வலிச்சுது," என்றார் ஆன்ட்டி. "இன்னும் கொஞ்சம் தயிர்ப்பச்சடி போடட்டுமா?"

கால் வலியாம்! முந்தின நாள் கொலோசியத்துப் படிகளில் முதல் ஆளாக ஏறியவர். 'யூபிலிக்குத்தான் அந்தக் கதவு திறக்கும், இனி இருபத்தஞ்சு வருஷம் ஆகும், அப்ப நான் இருப்பேனோ என்னமோ' என்று ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஜெபினாவுக்கு மண்டை குடைந்தது. கல்லூரியில் கலை வரலாறு படிக்கிறவள். காரணம் தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஷாப்பிங் போனீங்களா ஆன்ட்டி?"

"இல்லம்மா."

"அப்ப பாய்காட்டா? தோள் தெரியக்கூடாது, முட்டி தெரியக்கூடாதுன்னு ரூல் போடறாங்களே, அதை எதிர்த்தா? அப்படின்னா சொல்லுங்க, நான் உங்க கட்சி!"

"அதுக்குத்தான் நீ ஒருத்தி இருக்கியே!" என்றது சோபாவிலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

"பின்னே? ஸ்லீவ்லெஸ் போட்டா ஆண்டவர் கோச்சுப்பாரான்னு வாசல்ல அந்த செக்யூரிட்டி கார்டை நிக்கவெச்சுக் கேட்டேன். இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா ஜெயிச்சிருப்பேன். அதுக்குள்ள அம்மா எதையோ தோள்ல போர்த்தி உள்ளே தள்ளிட்டாங்க."

ஆன்ட்டி தயிர்ப்பச்சடிக் கிண்ணத்தோடு சமையலறைக்குள் நழுவினார்.

திரும்பும் வழியில் அம்மா கார் ஓட்டினாள். வீடு இருக்கும் வெஸ்ட் வின்ட்சர் நெருங்கும் வரை ஜெபினாதான் பேசினாள்.

"வருஷம் பூரா ஜெபம் பண்ணினவங்க வெளியே நிக்கறாங்க. நம்பிக்கையே இல்லாத நான் உள்ளே போறேன். ஏதோ போலித்தனம் இருக்கும்மா இதுல. நேரா கேட்டா கிச்சனுக்கு ஓடறாங்க பாரு!"

அம்மா காரை ஓரங்கட்டினாள்.

"உன் தோள்ல போர்த்தினது யாரு துப்பட்டான்னு நெனச்சே? நான் கட்டியிருந்தது சேலை. முந்தானையைக் கிழிச்சா குடுக்க முடியும்?"

ஜெபினாவின் கை தோளுக்குப் போனது. ஒரே ஒரு கணம்தான்.

"சரி, ஆன்ட்டிகிட்ட துப்பட்டா இல்லேன்னா என்னம்மா? அவங்க போட்டிருந்தது முழுக்கை சுடிதார். யாரும் தடுத்திருக்க மாட்டாங்களே!"

"தடுத்திருக்க மாட்டாங்கதான். ஆனா முக்காடு போடாம கோயிலுக்குள்ள அவ இன்னிவரைக்கும் கால் வெச்சதில்லை."

"அதை அப்பவே என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்ல வந்தேன். அவதான் விடலை. 'தெரிஞ்சா வீம்புக்குத் துணியை உருவிக் குடுத்துட்டு அவளும் வெளியே நின்னுடுவா. உள்ளே இருக்கறதையெல்லாம் புஸ்தகத்துல படிக்கிற பிள்ளை, ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வரட்டும்'னா."