வெண்டலின் காவலர்

கெட்ட எண்ணம் மனசுக்குள் நுழையக் கூடாதென்று, அமெரிக்காவில் ஒஹையோவின் ஒரு கிறிஸ்தவச் சபையில் எல்லார் கைபேசியிலும் ஒரு செயலி உண்டு. ஒருவர் பார்ப்பதெல்லாம் அவரைக் கண்காணிக்கவென்றே சபை வைத்த காவலருக்கு அறிக்கையாகப் போய்விடும். வெண்டலுக்குக் காவலர், மூப்பர் ஆர்லோ. தினமும் காலையில் போன் வந்துவிடும்.

“பிரதர், நேத்தும் அதே பக்கம்தானா? பதினாலு தடவை!”

“சும்மா பார்த்தேன் ஆர்லோ. ஆளை விடுங்க.”

“படத்தைப் பெரிசாக்கி வேற பார்த்திருக்கீங்க! வீட்டம்மாவுக்குத் தெரியுமா?”

“அவளும் கூட உட்கார்ந்துதான் பார்த்தா.”

“ஐயையோ! நம்மகிட்ட இல்லாதது அங்க என்ன இருக்கு?”

“நிம்மதி!” என்று வெடித்தார் வெண்டல்.

“அதுக்காக, புளோரிடா சபைக்குப் போதகர் தேவைங்கற விளம்பரத்துல இப்படியா மயங்கறது, பாஸ்டர்?” என்ற ஆர்லோ, குரலைத் தாழ்த்தினார். “அறிக்கையில பார்த்துப் பார்த்து எனக்கே ஆசை வந்துடுச்சு. அந்தச் சபைக்கு எதிர்லயே வீடு வாங்கிட்டேன்.”