விரலைச் சப்பிய குட்டி

இருபது பேர் பாய் விரித்து, முட்டி போட்டுக் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகுகளில் ஏறிக் குதிக்க வேண்டிய ஆட்டுக்குட்டிகளோ வேலியோரம் தாய் ஆடுகளை ஒட்டிப் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

படப்பை ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தப் பண்ணையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டு யோகா. ஆசனம் போடுகிறவர்கள்மேல் குட்டிகள் ஏறும், மடியில் விழும், கொஞ்சும். விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

சத்யபிரியாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. போன வாரம் தனியாக வந்துவிட்டுப் போய் அவள் போட்ட வீடியோவைப் பார்த்துத்தான், சேலையூர் அபார்ட்மென்டிலிருந்து ஆறு தோழிகள் இன்று கூடவே வந்திருந்தார்கள்.

"போன வாரம் இந்தக் குட்டி என் விரலைச் சப்ப ஆரம்பிச்சது, விடவே இல்லப்பா. கிளம்பறப்போ கார் வரைக்கும் பின்னாடியே ஓடி வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

சொல்லிக்கொண்டே அதே குட்டியைத் தூக்கி மடியில் வைத்து, விரலை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தூங்கியது. ஒரு தோழி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சார்! இதுங்களுக்கு மயக்க மருந்து ஏதாவது குடுத்திருக்கீங்களா?" என்று கத்தினாள் சத்யபிரியா.

பண்ணை முதலாளி வேதாசலம் பதறிப்போய், ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பேபியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"நான் சொன்னதைச் செஞ்சியா இல்லையா?"

"இல்ல சார்."

"மறந்துட்டியா?"

"ஞாபகம் கீது. செய்யல."

பேபியின் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அது தெரிந்த வேதாசலத்துக்கு இந்தப் பதில் சுருக்கென்றது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்தினார்.

"மன்னிச்சுக்குங்க. இந்தம்மாவுக்கு வேலையில அக்கறையே கிடையாது. அடுத்த வாரம் வேற ஆள் இருக்கும்."

"கண்டிப்பா மாத்துங்க சார்," என்றாள் சத்யபிரியா. "வாயில்லாத ஜீவன் மேல கொஞ்சமாவது பிரியம் இருக்கறவங்களா வைங்க."

பேபி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"வேலை போனா போவட்டும் சார். ஒரகடத்துல எதனா கேன்டீன்ல பாத்திரம் தேய்ச்சு பொழைச்சுக்குவேன். இந்தப் பாவம் எனக்கு வாணாம்."

நேராக சத்யபிரியாவிடம் வந்து குனிந்தாள். மடியில் கிடந்த குட்டியின் கால் மடங்கியிருந்தது. அதை மெதுவாக எடுத்து நீட்டிவிட்டாள்.

"சனிக்கெழம சாயந்தரமே குட்டிங்கள தாய்ங்ககிட்டேர்ந்து பிரிச்சு, தனிக் கொட்டாயில போட்டுப் பூட்டணும். அதான் சார் சொன்ன வேலை. ராவெல்லாம் கத்திகினே இருக்கும். நேத்து நான் பூட்டல. வயிறு முட்டக் குடிச்சிட்டுத் தூங்குது."

வேதாசலம் செல்போனைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

"அப்போ போன வாரம்..." என்று இழுத்தாள் சத்யபிரியா.

"போன வாரம் உங்க வெரல்ல பால் வருதான்னு பாத்துதும்மா."