அன்னக்கிளியின் குழு

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு மறுநாள் மாரடைப்பில் போன அன்னக்கிளியின் குரல், ஐப்பசி பிறந்த பிறகும் தினம் காலையில் அந்த வாட்ஸ்அப் குழுவில் வந்துகொண்டிருந்தது. மனச்சோர்வு பிடித்தவர்கள் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ளும் குழு. அவளுடைய போனைப் புருஷன் மூக்காண்டி பீரோவில் பூட்டித்தான் வைத்திருந்தார். எடுத்துக் கேட்டால், “மக்கா, நேத்து நல்லா ஒறங்குனேன்” என்பாள். ஊர் பேர் தெரியாத ஆட்கள், “சந்தோசம்க்கா” என்பார்கள்.

மூக்காண்டிக்குப் பயம் வரவில்லை; வயிறுதான் எரிந்தது. “கட்டுனவன் இங்கன கெடக்கேன், எவங்கிட்டயோ என்னட்டி பேச்சு?” என்று அவள் இருக்கும்போதே கத்தியவர். அவள் செத்ததைக்கூட அவர்களுக்குச் சொல்லவில்லை. அதுவாவது தனக்கு மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

இன்று அவள் சொன்னாள்: “அவுக எனக்கு எதுக்கதான் உக்காந்திருக்காக. இன்னைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.”

மூக்காண்டி நிமிர்ந்தார். எதிரே காலி நாற்காலி.

“சாப்ட்டியாட்டி?” என்று அதைப் பார்த்துக் கேட்டார்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. குழுவில் அன்னக்கிளி சிரித்தாள். “மக்கா, அவுக கேட்டுட்டாக!”

“நீங்க என்னக்கா சொன்னீங்க?” என்றாள் எவளோ ஒருத்தி.

மூக்காண்டியும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.