கடைசிப் பலகை

“இன்னிக்கு அந்தப் பலகையில நீங்க உக்காந்தீங்கன்னா, இனிமே உங்களுக்கு நான் சோறாக்க மாட்டேன்!”

சலேத்தம்மா கொழுந்துக் கூடையை லயத்து வீட்டு வாசலில் போட்ட வேகத்தில், எட்டிப் பார்த்த பக்கத்துக் காம்பராக்காரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். சலேத்தம்மா வாயைத் திறந்தால் தொரையே மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார் என்று தோட்டத்தில் பேச்சு.

புருசன் செபமாலை தன் பாட்டுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

பெரிய வியாழன் சாயந்தரம் ஹட்டனிலிருந்து சாமியார் வந்து, தோட்டத்துக் கோயிலில் பன்னிரண்டு ஆம்பளைகளின் காலைக் கழுவுவார். பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். பதினோரு பேருக்கு உட்கார நீள வாங்கு போட்டிருக்கும். கடைசி ஆளான, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்கு மட்டும் ஓரமாக ஒரு குட்டைப் பலகை. வருசா வருசம் சீட்டுக் குலுக்கித்தான் அதற்கு ஆள் பிடிப்பார்கள். மாட்டிக்கொண்டவனை ஒரு வாரம் கேலி பண்ணிவிட்டு மறந்துவிடுவார்கள்.

இந்த வருசம் சீட்டே குலுக்கவில்லை. “செபமாலைதான்” என்று கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் சந்தியாகு சொல்லிவிட்டார். ஒருத்தரும் மறுக்கவில்லை.

காரணம் இருந்தது. இலங்கைச் சர்க்காரின் புதுச் சட்டத்தில் ஓட்டும் போச்சு, பிரஜாவுரிமையும் போச்சு, சங்கமாவது வேண்டும் என்று போன மாசம் நாலு பேர் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் இரகசியமாகக் கூடினார்கள். மறுநாளே தொரை மூன்று பேருக்குப் வேலையிலிருந்து நீக்கும் பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்து, சட்டிபானையோடு தோட்டத்தைவிட்டு விரட்டினார். அதில் ஒருவன் உபதேசியாரின் தம்பி.

நாலாவது ஆள் செபமாலை. அவன் மட்டும் தப்பிவிட்டான். காட்டிக்கொடுத்தவன் யார் என்று முடிவு கட்ட ஊருக்கு இதுவே போதும்.

“சாகுற மட்டும் யூதாஸ் குடும்பம்னுதான் நமக்குப் பேரு! நான் இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன்!”

“சொன்னா நம்பிருவாங்களா?”

“ஏன் நம்ப மாட்டாங்க? பீலியில தண்ணி புடிக்கிறப்ப கங்காணி சம்சாரம் அம்மாக்கண்ணு அக்காகிட்டயே சொல்லிட்டேன், எம்புருசன் அப்படிப்பட்ட ஆளு இல்லேன்னு. அவுங்ககிட்ட நான் எதையும் ஒளிக்கிறதில்ல.”

“தெரியும்” என்றான் செபமாலை. கத்தியை வைத்துவிட்டு எழுந்தான். “சர்வேசுரன் சித்தம் இதுதான்னா, உக்காந்துட்டுப் போறேன் புள்ள.”

சலேத்தம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இது சர்வேசுரன் சித்தமில்ல, உபதேசியாரு சித்தம்! ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க!”

குழப்பிக்கொண்டேதான் அவன் கோயிலுக்குப் போனான். போய் அந்தப் பலகையில் உட்கார்ந்தும் விட்டான்.

சாமியார் ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைத்து முத்தமிட்டபடி வந்தார். பதினோராவது ஆளைத் தாண்டித் தண்ணீர்ச் செம்பு பலகைப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், பெண்கள் பக்கமிருந்து சலேத்தம்மா எழுந்துவிட்டாள்.

“நிறுத்துங்க சாமி!”

உபதேசியார் பதறி ஓடிவந்தார். “கோயில்ல என்ன சத்தம்? பொம்பளைன்னா தாழ்ச்சி வேணும். மாதா என்னைக்காவது எதிர்த்துப் பேசுனாங்களா?”

“மாதாவோட புருசன் சூசையப்பர யாரும் யூதாஸ்னு சொல்லலியே, உபதேசியாரே!”

சொல்லிவிட்டு அவள் சாமியாரிடம் திரும்பினாள்.

“சாமி, எம்புருசன் எந்திரிக்கட்டும். நெசமாக் காட்டிக்குடுத்தது யாருன்னு தெரியட்டும், முடியப் புடிச்சு இழுத்தாந்து நானே இதுல உக்கார வைக்கிறேன். அதுவரைக்கும் அந்தச் சர்வேசுரனே வந்து சொன்னாலும் விட மாட்டேன்!”

சாமியார் பலகையைப் பார்த்தார். “என்னப்பா, எந்திரிக்கிறியா?”

“இல்ல சாமி. இது என் எடந்தான்.”

“கேட்டீங்களா? அவன் வாயாலேயே ஒத்துக்கிட்டான்!” என்றார் உபதேசியார். கோயில் முழுக்கச் சலசலத்தது. சத்தத்தை அமுக்கப் பாட்டுக்காரர்கள் அவசரமாகப் பாட்டை எடுத்தார்கள். சாமியார் குனிந்து செபமாலையின் காலில் தண்ணீரை ஊற்றினார்.

இவ்வளவு பேர் நடுவில் கட்டிய புருசனே இப்படிக் காலை வாரிவிட்டானே! சலேத்தம்மா ஓடிப்போய் அவன் பக்கத்தில் குனிந்தாள்.

“ஏங்க இப்படிச் சொன்னீங்க? தொரையோட ஆளு அந்தக் கங்காணிக்குப் பயமா?”

பாட்டுச் சத்தத்தில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அவன் சொன்னான்.

“கங்காணியே என்னக் கூப்பிட்டுச் சொன்னாரு புள்ள. கூட்டம் எங்க நடக்குது, யாரு யாரு வர்றாங்கன்னு நீதான் பீலியில அம்மாக்கண்ணுகிட்டப் பெருமையாச் சொன்னியாம். அந்த நன்றிக்குத்தான் தொரைகிட்டச் சொல்றப்ப எம்பேர மட்டும் விட்டுட்டாராம்.”

சலேத்தம்மா அவன் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“எந்திரிங்க. நான் உக்காருறேன்.”

“பொம்பளைங்க கால இங்க கழுவ மாட்டாங்க புள்ள. அதான் உனக்குப் பதிலா நான் உக்காந்துட்டேன்.”